குடைக்கு முன், குடைக்குப் பின்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். இல்லையென்றால் உன் அம்மாவுக்குப் போன் வந்திருக்கும், எனக்குத் தகவல் கடைசியாக வந்திருக்கும். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகையால் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ சிரிப்பாய், அல்லது உன் அம்மா பின்னாலிருந்து திருத்துவாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. விஷயம் உன் மாமனாரைப் பற்றியது. பயப்படாதே, அவர் உயிருக்கு ஒன்றுமில்லை. முகத்துக்குத்தான்.

அடுத்த மாதம் நீ முதல் தடவையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாய், இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது நீதான். உன் கல்யாணத்தில் ஒருவன் ஆயிரம் படம் எடுத்தானே, அதில் எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது, என் கண் மூடியிருந்தது. இந்தத் தடவை வெளியாளை நம்புவதில்லை என்று நானே கேமரா வாங்கினேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை; எனக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வருகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது என்பது உனக்குத் தெரியும். வீடியோ பார்த்தே படித்தேன். கேமரா பாதிதான், வெளிச்சம்தான் மீதி என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். ஆகவே ஸ்டூடியோவில் வைக்கிற பளிச்சென்று அடிக்கும் விளக்கு ஒன்று, அதற்கு ஸ்டாண்டு, வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குவதற்கு விளக்குக்கு முன்னால் விரித்து வைக்கிற வெள்ளைத் துணிக் குடை, எல்லாம் வாங்கி ஹாலில் வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள எதுக்குங்க குடை? கூரை ஒழுகுதா, இல்ல உங்களுக்கா?" என்றாள். முதலில் குக்கரை வைத்துப் பழகினேன். அசையாது, முகம் சுளிக்காது, நல்ல மாடல். படமும் அருமையாக வந்தது. குடும்பக் குழுவில் போட்ட பிறகுதான், குக்கரின் வயிற்றில் பனியனோடு நான் நிற்பது தெரிகிறது என்று உன் சித்தப்பா எழுதினான். அவனுக்குக் குக்கர் தெரியவில்லை, பனியன் மட்டும் தெரிந்திருக்கிறது. போகட்டும்.

குக்கருக்கு அடுத்தபடியாக மனித முகம் தேவைப்பட்டது. இரண்டு தெரு தள்ளி உன் மாமனார் இருக்கிறார். தினமும் காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கிறோம், திரும்பும்போது நம் வீட்டில் டீ. பஸ் டிப்போ மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தபடியே இருப்பார், அந்தப் பழக்கம் உண்டு. கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார வைத்து, முதல் படம் குடை இல்லாமல் எடுத்தேன். விளக்கைப் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே வைத்து. குடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பிறகு குடையை மாட்டி, விளக்கை நெற்றிக்கு மேலே உயர்த்தி, எதிரிலிருந்து இரண்டாவது படம். டீ ஆறவில்லை, அதற்குள் இரண்டும் முடிந்தது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் படத்தில் ஒரு மனிதர், மழை பெய்து காய்ந்த குளத்துத் தரை மாதிரி முகம், கண்ணுக்குக் கீழே பைகள், மூக்குத் தோலின் ஒவ்வொரு துளையையும் எண்ணிவிடலாம் என்கிற மாதிரி. இரண்டாவது படத்தில் அவருடைய தம்பி. நான் வாழ்நாள் முழுக்க எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். ஒரே மூட்டை ஒரே தராசில் இரண்டு எடை காட்டினால் அந்த இடத்திலேயே தராசுக்கு சீல் வைப்பேன். ஒரே முகம் ஒரே கேமராவில் இரண்டு முகம் காட்டுகிறது, எதற்கு சீல் வைப்பது? உன் மாமனாருக்கு இரண்டாவதை மட்டும் காட்டினேன். "சம்பந்தி, இது நானா!" என்று பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துப் படத்தைப் பார்த்தே தலைவாரிக்கொண்டார். முதல் படத்தைக் காட்டவில்லை. அது பாடத்துக்காக எடுத்தது. பாடத்தை மாணவன்தான் பார்க்க வேண்டும், கரும்பலகை பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் கற்றதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வீடியோக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, போன் திரையில் விரலாலேயே எழுதினேன். ஒன்றின் கீழ் 'குடைக்கு முன்', மற்றதன் கீழ் 'குடைக்குப் பின்'. இடம் போதாததால் குடை என்ற சொல் மேல் வரியிலும் முன், பின் கீழ் வரியிலுமாக அமைந்தது. உன் மாமனார் நடைக்கு வராத ஒரு நாள் பூங்காவில் எல்லாரிடமும் காட்டினேன். நிறையப் பேர் 'நல்லா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார்கள். நின்று பார்த்தவர் ஒரே ஒருவர், நம்மோடு நடக்கிற தோல் டாக்டர். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "சார், இது சாதாரண விஷயமே இல்ல. இந்த ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, என் இடத்துல மாட்டி வைக்கறேன்" என்றார். என் கலைக்குக் கிடைத்த முதல் ரசிகர் என்று நினைத்து அங்கேயே அனுப்பினேன். அவர் வீட்டு ஹாலில் மாட்டுவார் என்று நினைத்தேன். எந்த இடம் என்று கேட்காதது என் தப்பா? உன் அம்மா ஆமாம் என்கிறாள். நான் இல்லை என்கிறேன்.

போன வாரம் நானும் உன் மாமனாரும் நடந்து திரும்பும்போது, நான்கு தெரு கூடும் முனையில் அந்த டாக்டரின் கிளினிக் மேல் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு போர்டு. அதில் நான் எடுத்த இரண்டு படமும். பேச்சை மாற்றி, எதிர்ப்பக்கம் ஒரு நாயைக் காட்டினேன். அங்கே நாய் இல்லை. அவர் நிமிர்ந்துவிட்டார். முதல் படத்தைப் பார்த்து, "பாவம் சம்பந்தி, யாரோ பெரியவர். ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார் போல" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "ஆனா பாருங்க, எப்படிக் குணமாயிட்டார்!" என்றார். நான் நடையை வேகமாக்கினேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தலையைச் சாய்த்து நின்று போர்டையே பார்க்கிறார். மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தி, அந்தச் சட்டை என்னுது."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நடுத்தெருவில் நின்று, "முன், பின்னு எழுதியிருக்கறது உங்க கையெழுத்து. அந்த மூணு சுழி போடற விதம் எனக்குத் தெரியாதா?" என்றார். குடை என்ற சொல்லை அவர்கள் வெட்டிவிட்டார்கள், அது என் குற்றமில்லை என்று விளக்கினேன். "என் முகத்தையே வெட்டிட்டீங்க, குடைக்கு அழறீங்களா?" என்றார். நான் பொறுமையாக, "சம்பந்தி, மேல இருக்கறது வெளிச்சத்தோட வேலை, முகத்துல குறை ஒண்ணுமில்ல" என்றேன். "அப்ப எது நிஜம்? முதல் படமா, ரெண்டாவதா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லிப் பழகாதவன். இரண்டுக்கும் நடுவில் என்றேன். அதோடு போய்விட்டார். அன்றிலிருந்து நடைக்கு வரவில்லை, டீக்கு வரவில்லை. உன் மாமியார் அம்மாவுக்குப் போன் செய்து, "அண்ணாகிட்ட சொல்லுங்க, இவர் நாள் பூரா கண்ணாடி முன்னாடியே நிக்கறார். எனக்குக் கண்ணாடி பார்க்க இடமில்ல" என்றாராம். நான் வந்து மன்னிப்புக் கேட்டாலொழிய, நீ வரும்போது எடுக்கிற படத்தில் நிற்கப் போவதில்லை என்று உன் மாமனார் சொல்லிவிட்டார். எந்தப் படத்துக்காக இவ்வளவு பாடுபட்டேனோ, அந்தப் படத்தில் அவர் இல்லை. உன் அம்மா, "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன், வாய் தேஞ்சா போகும்?" என்கிறாள். தேயாது. ஆனால் வெளிச்சம் செய்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கேட்க வேண்டியவனைக் கேட்போம் என்று கிளினிக்குக்குப் போனேன். உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் என் முகத்தை ஆராய்ந்தார்கள். இவன் முன்னா, பின்னா என்று பார்க்கிறார்கள் என்று புரிந்தது. டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், அவர் உங்ககிட்ட ஒரு ஊசிகூடப் போட்டதில்லயே" என்றேன். "போட்டார்னு நான் எங்க சொன்னேன் சார்? போர்டை நல்லாப் படிங்க. ஒரு பக்கம் முன்னு இருக்கு, ஒரு பக்கம் பின்னு இருக்கு. நடுவுல என் கிளினிக் பேர் இருக்கு. இதுல எது பொய்?" என்றார். எடை குறைந்த படிக்கல் வைத்திருந்தவர்கள்கூட என்னிடம் இவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை. அடுத்த போர்டு தயாரானதும் இதை எடுத்துவிடுவதாகச் சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று வீடு வரை நினைத்துக்கொண்டே வந்ததில் நம் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். விளக்கைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். ஸ்டாண்டில் உன் அம்மா துணி காயப் போட்டிருக்கிறாள். இனிக் கேமராவைத் தொடமாட்டேன், உன் மாமனார் வீட்டுப் படியேற மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். நீ வரும்போது வழக்கம்போல வெளியாளைக் கூப்பிட்டு எல்லாரும் சுண்ணாம்பு முகத்தோடு நில்லுங்கள். மாப்பிள்ளை தன் அப்பாவிடம் பேசி, குற்றம் என் மேல் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீ யார் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை; தெரிந்துகொள்வேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். எங்கே போனாலும், யார் படம் எடுத்தாலும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத உன் அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் மாமனார் வந்தார். அதனால் மேலே உள்ளதில் பெரும்பகுதியைப் படித்ததோடு மறந்துவிடு. முகம் தக்காளி மாதிரி சிவந்து, மேலே ஏதோ கிரீம் பளபளத்தது. யாராவது அடித்துவிட்டார்களா என்று பதறிப்போனேன். "டாக்டர்கிட்ட சண்டை போடத்தான் போனேன் சம்பந்தி. உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. ஒரு அம்மா என்னையும் பார்த்துட்டு வாசல்ல போர்டையும் எட்டிப் பார்த்துட்டு, 'என்ன சார், பாதியிலேயே நிறுத்திட்டீங்களா?'ன்னு கேட்டாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார். சிகிச்சையில் சேர்ந்துவிட்டாராம். அது வெறும் குடை, அதில் மருந்து ஒன்றும் இல்லை என்று நேரில் பார்த்துத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர்! நான் அதிர்ந்துபோய், "சம்பந்தி, அது குடைங்க!" என்று கத்தினேன். "தெரியும். அதுக்காக உங்க விளக்கையும் குடையையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஊரெல்லாம் நடக்க முடியுமா?" என்று கேட்டார். டீ குடித்தார். மன்னிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன், படத்தில் அவர் நிற்கிறார், நடுவிலேயே நிற்கிறார். ஒரே ஒரு சிக்கல். சிகிச்சை முடியும்வரை முகத்தோல் உரியுமாம். அதனால் டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேள். எதற்கு என்று நானும் அவரிடம் கேட்டேன். "பேத்தி என்னை முதல் தடவை பார்க்கறப்ப நான் பின்னா இருக்கணும் சம்பந்தி" என்கிறார்.