தக்காளிக்குச் சிவப்பு மிகுந்த மாலை

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் தக்காளிச் செடியும் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், நீ அனுப்பிய விளக்கு இங்கேயல்லவா இருக்கிறது.

உன் அக்காவின் கால்கட்டைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, இனிப் பயம்தான் பாக்கி என்று நடைப்பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்லிவிட்டாள். இவளோ கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. "மூலைல இருக்கற அந்தச் செடி பூக்கட்டும், எழுந்து வந்து பாக்கறேன்"னு சொல்லிட்டா. படுக்கையறையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால்தான் உன்னிடம் செடி வளர்க்கிற விளக்குக் கேட்டேன்.

வந்த விளக்கில் சிவப்புக்கு ஒரு திருகு, நீலத்துக்கு ஒரு திருகு. நான் முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில் படம் கழுவினவன். சிவப்பு வெளிச்சத்தில் எதுவும் நடக்காது, பேப்பர் அப்படியே தூங்கும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். ஆகவே சிவப்பை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் எரியவிட்டேன். செடி இலையும் தழையுமாய்ப் புதர் மண்டியது, பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. இங்கே அதே மாதிரி விளக்கு விற்கிற ஒரு கடைக்காரரிடம் முறையிட்டேன். "பெரியவரே, அது போட்டோ பேப்பர், இது தக்காளி"ன்னு சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். 'பூக்கும் பருவத்தில் சிவப்பு மிகுந்த நிறமாலை அவசியம்' என்று போட்டிருந்தது. சரி, மாலையில் சிவப்பு எரியவேண்டும் போலிருக்கிறது என்று தினமும் நாலு மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு அணைத்தேன். செடி ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டது. "நிறமாலைன்னா எந்த நிறம் எவ்வளவுங்கற கணக்கு சார், சாயங்காலம் இல்ல!" என்று அதே கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிவப்பு மூணு பங்கு, நீலம் ஒரு பங்குன்னு வெச்சேனா, ரூமே ஊதாவாயிடுச்சு. பயிற்சிப் பெண் உள்ளே வந்து காலைப் பார்த்து "ஐயோ, ரத்தம் கட்டிருக்கு!"ன்னு கத்த, உன் அக்கா கத்த, நான் பதறிப்போய் விளக்கை அணைக்க, கால் நல்லாயிடுச்சு.

நேற்று ஐந்து மஞ்சள் பூ! உன் அக்கா சொன்ன சொல் தவறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி எட்டு அடி நடந்து வந்து பூவைத் தொட்டுப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம். மூன்றுக்கு ஒன்று என்ற என் நிறமாலையை நாலு பேருக்குத் தெரியும்படி அச்சடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உன் பிள்ளைகள் நன்றாக வளரட்டும், என் நீல வெளிச்சத்துச் செடி போல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு. இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியவன், கண்ணாடியை மறந்து பாதியில் திரும்பினேன். கூடத்து ஜன்னலோரம், வெயிலில், ஸ்டூல் மேல் தொட்டி. பக்கத்தில் உன் அக்கா, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கை இடுப்பில். படுக்கையறையில் விளக்கின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

"ஒரு மாசமா இப்படித்தாங்க. நீங்க லைப்ரரிக்குப் போனதும் தூக்கிட்டு வந்து வெயில்ல வெப்பேன். அந்த ஊதாவுல மனுஷி இருப்பாளா?"

"அப்போ நேத்து அந்த எட்டு அடி?"

"அவ்வளவு ஆசையாக் கையை நீட்டினீங்க. வேண்டாம்னா சொல்றது?"

நிறமாலை பற்றி எழுதியதை மட்டும் படிக்காதே. சாயங்காலம் சும்மா கையை நீட்டிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டாள். இன்று பன்னிரண்டு அடி.