கவிஞரின் முடியும் ஒரு ஜன்னல் படமும்

ஊரடங்கு போட்டதும் ஊர் அடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர்தான் அடங்கவில்லை.

"பாக்கியம், இனிமே நான் முழுநேரக் கவிஞன்" என்றார்.

பேர் சேனாதிபதி. எங்கள் மலைக்கிராமம் பூண்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிறார். மண்டியை மூடச் சொன்னதும் மண்டை திறந்துகொண்டது. குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். இவர் கவிதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் முடிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விறுவிறுவென்று வளர்ந்து தோளைத் தொட்டது. தாடி நெஞ்சைத் தொட்டது.

எனக்கு அந்த முடிமேல் ஒரு கண். அது அவர் முடி இல்லை, பழனியாண்டவர் முடி. கோயம்புத்தூரில் எங்கள் மகன் குகன் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பிள்ளை நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டா இவர் முடியை இறக்குறேன் முருகா" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை வந்துவிட்டான். முடி இறங்கவில்லை.

"என் தலையை வச்சு நீ எப்படி வேண்டலாம்? ஒன் முடியைக் குடுக்க வேண்டியதுதான?"

"எனக்கு இருக்கிறது எலிவாலுங்க. சாமிக்குக் குடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

"கோயிலே பூட்டிக் கெடக்கு."

"வீட்டுலயே இறக்கி மஞ்சத்துணியில முடிஞ்சு வைப்போம். தெறந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்துருவோம்."

"முடியாது!"

"முடி இருக்கிற வரைக்கும் அப்படித்தாங்க சொல்லத் தோணும்."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் சண்முகப்பிரியா. மதுரையிலிருந்து வந்து, பஸ் நின்றுபோனதால் மேல்தெரு காட்டேஜில் மாட்டிக்கொண்ட போட்டோக்காரப் பிள்ளை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற கலைஞர்களை ஜன்னலுக்கு வெளியே நின்று படம் எடுத்தது. ஓவியர், பாட்டு வாத்தியார், மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர் என்று சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரையும் விடவில்லை. எல்லாவற்றையும் புத்தகமாகப் போடப்போகிறதாம்.

அந்தப் புத்தகத்தில் நீள முடியோடு கவிஞர் கோலத்தில் தன் முகம் வரவேண்டும் என்று இவர் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தார். பாவமாகத்தான் இருந்தது. இத்தனை வயதில் ஒருத்தர்கூட அவரைக் கவிஞர் என்று கூப்பிட்டதில்லை. "பூண்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தினமும் மத்தியானம் நான்தான் ரசம் கொடுப்பேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்ளும். ஒருநாள் கேமராவைத் திருப்பி, எடுத்த படங்களைக் காட்டியது. பழனியாண்டவர் சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஏம்மா, இம்புட்டுப் படமும் ஒரே ஆளா?"

பிள்ளை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தது. எல்லாரும் முடியும் தாடியுமாக இருந்தார்கள். சலூன் திறந்தால்தானே! தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் வெள்ளனே இவருக்குப் போன். நான் அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன்; போனில் பேசினது அங்கே வரைக்கும் கேட்டது.

"சார், உங்க படம் வேண்டாம்னு நெனைக்கிறேன். ஓவியர் யாரு, பாட்டு வாத்தியார் யாருன்னு எனக்கே தெரியலை. எல்லாம் முடிதான் தெரியுது. ஒரு மொட்டைத்தலைக் கவிஞர் கெடைச்சா நல்லா இருக்கும்."

போனை வைத்தவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏ பாக்கியம், சாமி குத்தம் ஆயிரக் கூடாதுல்ல?"

"எந்தச் சாமிங்க?"

"பழனியாண்டவர்தான். ராத்திரியெல்லாம் மனசு கெடந்து உறுத்துது."

"கொறட்டை விட்டீங்களே?"

"அது உறுத்துன சத்தம்."

"முடியாதுன்னு சொன்னீங்க..."

"கத்தியை எடுடி வெரசா!"

அவசரப்படுவேனா நான்? மத்தியானச் சமையலை முடித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். முதலில் தாடி போனது. பிறகு வலதுபக்கம் வழித்தேன்.

"காது, காது!"

"காது எங்கேயும் போகலைங்க. முருகா முருகான்னு சொல்லுங்க. ஆடாதீங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். வலதுபக்கம் பழனி ஆண்டி, இடதுபக்கம் பரதேசி. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே 'கிளிக்' என்றது. ரசம் வாங்க வந்த பிள்ளை!

"இன்னும் முடியலைம்மா!" என்று அலறினார்.

"பாதி முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

முழு மொட்டையானதும் சந்தனம் பூசிக்கொண்டு, பேனாவைக் கன்னத்தில் ஊன்றி, மேகத்தைப் பார்த்தபடி விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். முடியை மஞ்சள்துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கோயில் திறந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். என் பாரம் இறங்கியது.

புத்தகம் வந்த அன்று பக்கத்து வீட்டு மாயாண்டி அண்ணனையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். அதற்குள் இவருக்கு முடியும் திரும்ப முளைத்திருந்தது. பக்கத்தைப் புரட்டினார். பேனாப் படம் இல்லை. மேகம் பார்த்த படம் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்திருக்க, உள்ளே பாதி மொட்டையோடு கண்ணை மூடிக்கொண்டு இவர். அந்தத் தலைமேல் என் கை.

"பரவாயில்லை, இயற்கையா இருக்கு" என்று தேற்றிக்கொண்டார். "கவிஞர்னு அச்சுல வந்திருக்கும், அதான் முக்கியம். என் கண்ணாடியைக் காணோம். கீழே என்ன போட்டிருக்கு? அண்ணன் காதுல விழற மாதிரி வாசி."

எனக்குப் படிப்பு கம்மி. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன்.

"பூண்டி. கலைஞர் சிவபாக்கியம், தம் படைப்புடன்."