வெங்காயம் என்று பதிவான ஆப்ரிகாட்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, எங்கள் பாத்கென் மாவட்ட விளைபொருள் அலுவலகம் பிளாக்செயின் என்னும் கணினிப் பதிவுச் சங்கிலியைக் கண்டது.

தோட்டத்திலிருந்து எல்லை தாண்டி அல்மாட்டி நகரக் கடை வரை பண்டம் போகும் ஒவ்வொரு அடியும் அதில் பதிவாகும். பதிந்ததை அழிக்க முடியாது. முன்பெல்லாம் பேரேட்டில் தப்பு வந்தால் அடித்துத் திருத்துகிற அநாகரிகம் இருந்தது. அது ஒழிந்தது.

பதிவாளர் நான்தான்.

ஜூன் மாதம் உமுத்கான் எஜே, அதாவது உமுத்கான் அக்கா, நாலு டன் ஆப்ரிகாட்டோடு வந்தார். ஒரு வருஷ உழைப்பு. நான் தட்டினேன், சீட்டு வந்தது. அதைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"தம்பி, இதுல வெங்காயம்னு இருக்கே?"

"பட்டியல்ல ரெண்டும் அடுத்தடுத்து இருக்கு எஜே. விரல் கொஞ்சம் நகர்ந்துடுச்சு."

"சரி, திருப்பி நகர்த்து."

"முடியாது. அதுதான் இதோட பெருமையே!"

"அப்ப புதுசா ஒண்ணு பதி."

"ஒரு தோட்டத்துக்கு வருஷத்துல ஒரு விளைச்சல்தான். உங்க தோட்டம் இப்ப வெங்காயத் தோட்டம்."

இயக்குநர் எசென்பெக் வெளியே வந்தார். எஜே ஒரு பழத்தைப் பிளந்து அவர் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க. வெங்காயமா இது?"

இயக்குநர் மரியாதையோடு முகர்ந்தார். "வாசனைங்கிறது தனிப்பட்ட கருத்தும்மா. சங்கிலியில அதுக்குக் கட்டம் இல்ல."

உடனே 'அவசரக் கூட்டம்' கூடியது. இரண்டரை மணி நேரம், மூன்று கெண்டி தேநீர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: "பதிவைத் திருத்த இயலாது. ஆகவே பண்டத்தைத் திருத்துக."

"எப்படி? நான் ஊதினா வெங்காயமாயிடுமா?" என்றார் எஜே.

"முயற்சி பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

மறுநாள் வெயிலில் லாரியின் அடியில் சாறு சொட்டியது, குளவிகள் வந்தன. சீட்டில்லாமல் எல்லை தாண்ட முடியாது. எஜே அழவில்லை. சீட்டைக் கசக்கி என் மேசையில் எறிந்தார். லாரியைப் பேருந்து நிலையத்துக்கு ஓட்டச் சொல்லி, கேட்ட விலைக்கு வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். பாதிக்கு மேல் அழுகிக் குப்பைக்குப் போனது. அடுத்த வருஷம் நடுவதற்கு வாங்கவிருந்த கன்றுகளும் அதோடு போயின.

சீட்டு வீணாகலாமா? இயக்குநரின் மைத்துனரிடம் தற்செயலாக நாலு டன் வெங்காயம் இருந்தது. கசங்கிய சீட்டை நானே நீவிக் கொடுத்தேன். சீட்டில் அச்சாகியிருந்த எஜேயின் பெயர், தோட்டம், சிரித்த முகப் படம் எல்லாவற்றோடும் அந்த வெங்காயம் அல்மாட்டி போய்ச் சேர்ந்தது. பதிவும் பண்டமும் நூற்றுக்கு நூறு பொருந்தியதால் எங்களுக்கு விருது கிடைத்தது.

செய்தி அறிந்து எஜே வந்தார். "திருடங்களா! என் தோட்டத்துல எவன்டா வெங்காயம் போட்டான்?"

நியாயமான கேள்வி. பதில் சங்கிலியிலேயே இருக்கிறது. என் பெயர், நான் தட்டிய நேரம், மைத்துனரின் லாரி எண் எல்லாம் உலகம் உள்ளவரை அழியாது. யாரும் திறந்து பார்க்கலாம். ஆனாலும் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம். பதிவதற்கு எங்கள் அலுவலகத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள். படிப்பதற்கு ஒருவரையும் நியமிக்கவில்லை.