கேள்வியில்லை வக்கீல் தனக்கு எதிராக எழுதிய அபிடவிட்

தூத்துக்குடி கோர்ட்டில் 'கேள்வியில்லை வக்கீல்' மாதிரி ஒரு வக்கீல் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தால் கட்சிக்காரர்கள் பாவம்.

நான் அவருடைய குமாஸ்தா. எனக்கிருந்த முக்கிய வேலை ஒன்றுதான். மத்தியானம் நெத்திலிக் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் கோர்ட்டிலேயே கண்ணயர்வார். போலீஸ் சாட்சி பேசி முடித்ததும் பின்னாலிருந்து கேஸ் கட்டால் முதுகில் குத்துவேன். பதறி எழுந்து, "கேள்வி இல்லைங்கய்யா" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

"ஒரு கேள்வியாவது கேக்கப்பிடாதா, அண்ணாச்சி?" என்றேன் ஒருநாள்.

"கேட்டு, அவன் உண்மையச் சொல்லிட்டாம்னா என்னல செய்ய?"

இப்படித்தான் சூசைக்குப் பத்து வருஷம் கிடைத்தது. சூசை, மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றும் லோடு ஆட்டோக்காரர். ஐஸுக்கு அடியில் யாரோ ஒளித்த கஞ்சா மூட்டை அவர் தலையில் விடிந்தது. பிடித்த சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்ன அன்றும் எங்கள் தரப்பில் கேள்வி இல்லை.

அப்பீலுக்குப் போன மதுரை வக்கீல், "பழைய வக்கீல் சரியில்லைன்னுதான் எழுதணும், வேற வழியில்லை" என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல முடியாமல் சூசையின் மனைவி மேரி எங்கள் ஆபீசில் வந்து நின்றார். ஒருவழியாகச் சொன்னதும் அண்ணாச்சி கேஸ் கட்டை முதன்முறையாக முழுசாகப் படித்தார்.

"ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட மூட்டைய எடை போட்டு இருபத்தொண்ணு கிலோங்கான்! இருபதத் தாண்டுனாத்தான பத்து வருசம்? மீன் வாங்க வார பொம்பள கூட தண்ணிய வடிச்சிட்டு நிறுன்னு சண்டை போடுவா. இதக் கேக்காத மடப்பய எவம்ல?"

"நீங்கதான் அண்ணாச்சி."

கேஸ் கட்டை மூடி வைத்தார். பிறகு, "பேப்பர எடுல" என்றார்.

அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே நல்ல அபிடவிட் அதுதான். மதுரை வக்கீல் வரைவில் மரியாதையாக, 'போதிய கவனம் செலுத்தவில்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார். இவர் அதை அடித்துவிட்டு 'தூங்கினேன்' என்று எழுதினார். நான் 'சற்றே' என்று சேர்த்து டைப் அடித்து ஏச்சு வாங்கினேன். "பேரு கெட்டுரும், அண்ணாச்சி" என்றார்கள் சக வக்கீல்கள். "இருந்தாத்தானய்யா கெட?" என்றார்.

மேரிக்கே மனசு கேட்கவில்லை. "இம்புட்டு வேண்டாம் சார், பாவம் நீங்க."

"ஏளா, உள்ள கெடக்கவன் ஒம் மாப்பிள்ளை. எனக்கு எதுக்குப் பாவம் பாக்க?"

அபிடவிட் மதுரைக்குப் போன நாளிலிருந்து அவர் கோர்ட்டில் தூங்கவில்லை. குழம்பு அதே நெத்திலிக் குழம்புதான். ஆனாலும் யாரையும் பார்க்காமல், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மேல்கோர்ட்டு உத்தரவில் சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி கூண்டேறினார். "தண்ணிய வடிச்சு எடை போட்டீங்களா?" என்று மதுரை வக்கீல் கேட்டார். "இல்லை" என்றார் அவர். அந்த ஒரு பதிலில் தண்டனை குறைந்தது. உள்ளே இருந்த காலமே போதும் என்று சூசையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் கோர்ட்டில் பழைய குறட்டை கேட்டது. எங்கள் வழக்கைக் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. கரண்ட் வேறு இல்லை. கேஸ் கட்டை எடுத்து அவருக்கு மெதுவாக விசிறிக்கொண்டிருந்தேன்.