அல்வால் ராஜாராமனின் அடுக்கடுக்குப் பாதுகாப்பு

பணத்தைப் பாதுகாக்க மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவை இரண்டே வழிகள்தான். புதைப்பது, பூட்டுவது. மூன்றாவதைக் கண்டுபிடித்த பெருமை அல்வால் ராஜாராமனையே சேரும். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான். பாதுகாப்பு இன்னும் பணியில் இருந்தது.

மனைவி திரிபுரசுந்தரியை வியட்நாம் அழைத்துப் போவதென்று முடிவானதும், சாப்பாட்டு மேஜையில் 'நிதிப் பாதுகாப்பு ஆலோசனைக் கூட்டம்' கூடியது. கொஞ்சம் அந்த ஊர் நோட்டு மாற்றிக்கொள்ளலாமே என்று மனைவி சொன்னது 'கற்காலம்' என்று நிராகரிக்கப்பட்டது. பிக்பாக்கெட் பயம் கருதி கார்டு மட்டும் வரும். கார்டு தொலையும் பயம் கருதி அதன் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்படும். அதைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். போன் தொலையும் பயம் கருதி, ஓ.டி.பி. வரும் சிம் மகள் தேஜஸ்வினியிடம் அல்வால் வீட்டிலேயே இருக்கும்.

"யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதே. என் குரல்ல பேசுவான், என் முகத்தோட வீடியோவுல வருவான். வெளிநாட்டுல மாட்டிண்டேன், அவசரம்பான். அவன்தான் திருடன்," என்று மகளுக்குப் பயிற்சியும் அளித்தார்.

ஹனோயில் ஓட்டல் வண்டி இறக்கிவிட்ட இடத்திலேயே கார்டு பல்லிளித்தது. முன்பணம் இல்லாமல் அறைச் சாவி இல்லை என்று வரவேற்புப் பெண் புன்னகையோடு சொன்னாள். திரிபுரசுந்தரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். ராஜாராமன் அந்தப் பெண்ணின் போனையே இரவல் வாங்கி, கார்டைத் திறக்க வங்கிக்கு விண்ணப்பித்துவிட்டு மகளை அழைத்தார்.

"தேஜு, அப்பா பேசறேன். மாட்டிண்டேன், அவசரம். ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லு."

"நக்கோ," என்றாள் மகள், அல்வால் பேச்சில் 'முடியாது' என்று.

வீடியோவில் வந்தார். முகத்தை நம்பக் கூடாதென்று எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அம்மாவைக் காட்டினார். அம்மா முகத்துக்குப் பயிற்சியில் தனிச் சலுகை எதுவும் இல்லை என்றாள். மகளை வளர்த்த விதத்தை நினைத்து ராஜாராமனுக்குப் பெருமையில் மனம் நிறைந்தது. வயிறுதான் நிறையவில்லை.

"சரி, ஒரே ஒரு கேள்வி. அம்மாவோட பர்த்டே என்னிக்கு?" என்றாள் மகள்.

எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் கூரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் உதவவில்லை. அந்தப் பதிலுக்காக அவளும்தான் காத்திருந்தாள்.

"தெரியலையேம்மா," என்றார் கடைசியில்.

மறுமுனையிலிருந்து ஆறு எண்கள் தயக்கமே இல்லாமல் வந்தன.

"ஹவ், ஆமா, நீங்க அப்பாவேதான்," என்றாள் தேஜஸ்வினி. "திருடனா இருந்தா பர்த்டேயைப் பார்த்து வெச்சிருப்பான்."