எல்லைக்கயிறு சாமியும் கக்குவான் இருமலும்

1936-ஆம் வருஷம் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தைவிட வெளியே ஜட்கா வண்டி நிற்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். அங்கே உட்கார்ந்திருந்தார் எல்லைக்கயிறு சாமி. பச்சைக் குழந்தையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களின் கையில் மூன்று முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டுவார். கூட வந்த வியாதி வீட்டு எல்லையைத் தாண்டாமல் அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பிவிடுமாம்! கட்டணம் நாலணா. வியாதிக்குத் தனி டிக்கெட் எடுக்கச் சொல்லாதது அவருடைய பெரிய மனசு.

சிலுவை போட்டவர்கள், நாமம் போட்டவர்கள், பட்டை அடித்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசை. ஏமாறுவதில் நம் ஜனங்களுக்கு மத வித்தியாசமே கிடையாது.

தங்கவயலிலிருந்து வந்த மதலைமுத்துவும் கயிறு கட்டிக்கொண்டார். தம்பி மகன் டொமினிக்குக்குப் பெண் பிறந்து பன்னிரண்டு நாள். காக்ஸ் டவுனில் அவன் வீட்டு வாசலை மிதித்ததும் பெரியவருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமலா? கூவி இழுக்கும் கக்குவான்!

குழந்தையின் தாய் நோரா பள்ளிக்கூட டீச்சர். போன வருஷம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தியின் கைக்குழந்தைத் தம்பி இதே இருமலில் மூச்சு முட்டிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள். கதவைச் சாத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. இருமல் நிக்கட்டும், அப்புறம் வாங்க."

"கயிறு கட்டியிருக்கேம்மா!"

டொமினிக்குக்கு மானம் போயிற்று. "பெரியப்பாவையா வாசல்ல நிறுத்துறே?" என்று கத்திவிட்டு, ஓடிப்போய்ச் சாமியையே ஜட்காவில் அழைத்து வந்தான். தெருவே கூடியது.

"பயப்படாதே தாயி. கயிறு இருக்க, காத்துகூட அண்டாது" என்றார் சாமி.

நோரா ஜன்னலைத் திறந்தாள். "உங்க வீட்ல கைக்குழந்தை உண்டா சாமி?"

"ஓ! பேரன் பொறந்து ஒரு மாசம்."

"ரொம்ப நல்லது. மாமா மொதல்ல உங்க பேரனைத் தூக்கிக் கொஞ்சட்டும். சாயந்தரம் என் பொண்ணைத் தர்றேன்."

சாமி விரல்விட்டு எண்ணினார். "இன்னிக்கு... அஷ்டமி."

"நாளைக்கு?"

"நவமி ஆச்சே!"

பால்காரி ருக்குவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இவரு வீட்டுக்கும் நான்தான் பால் ஊத்துறேன். நாப்பது நாளைக்கு வெளியாள் யாரும் உள்ளே வரப்படாதுன்னு இவரு உத்தரவு! பாலைக்கூட வாசல்லயே ஊத்திட்டு வர்றேன். சம்பந்தியம்மாவே கயிறு கட்டிக்கிட்டு வெளியே நின்னு அழுதுட்டுப் போனாங்க!"

மதலைமுத்து விடவில்லை. "வா சாமி, ஒன் வீட்டுக்கே போவோம்" என்று கையைப் பிடிக்கப் போனார். இருமல் வந்தது. சாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு துள்ளிப் பின்வாங்கினார். அப்புறம் ஜட்காவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஓட்டம்தான்!

பெரியவர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவன் பேரன்தான் உசிரா? நம்ம கொழந்தை உசிரில்லியா?" என்று கேட்டார். பத்தடி தள்ளிப் போய் நின்றார். நோரா ஜன்னலருகே குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். டொமினிக் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஸ்டேஷனில் சாமி இல்லை. வரிசை மட்டும் இருந்தது, "எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டு.

அட மகாஜனங்களே! விற்கிறவனே நம்பாத கயிற்றைக் கையில் கட்டுமுன், கழுத்துக்கு மேலே இருப்பதை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அதற்கு நாலணாகூட ஆகாதே!