மூத்த மருமகளின் மரணங்கள்

"என்னைக் கொன்னுடுங்க அண்ணே, புண்ணியமாப் போகும்," என்றாள் பெக் லான், முகத்தில் அப்பியிருந்த கேக்கை வழித்துக்கொண்டே.

தயாரிப்பாளர் சுவா காப்பியை உறிஞ்சினார். "எப்படிச் சாகறே? லாரியா, வியாதியா?"

"எதா இருந்தாலும் சரி. சீக்கிரம்."

பாவம், அவளும் என்னதான் செய்வாள்! பகலிரவாகத் தொடரில் சோயா சாஸ் ஆலை வீட்டு மூத்த மருமகளாக அழுகை. வெள்ளிக்கிழமையானால் கேளிக்கை நிகழ்ச்சித் தொகுப்பாளினியாக, முகத்தில் கேக் அடி வாங்கிக்கொண்டு சிரிப்பு. சீனத் தொடர் பார்க்கும் சிங்கப்பூர் வீடுகளில் எல்லாம் அவள் முகம் தெரியும். கணவன் கிம் செங்கோடு உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்துத்தான் மாதக்கணக்காகிவிட்டது. மருமகள் செத்தால்தான் மனைவி பிழைப்பாள் என்ற நிலைமை.

தொடரில் மருமகள் மேல் லாரி மோதியது. மாலை போட்ட படம்கூடத் தயார். சுவா ஓடிவந்தார்.

"நிறுத்து! முன்னோட்டம் பார்த்துட்டு ஒரு ரசிகர் போன்ல அழுவுறார். பேர் சொல்ல மாட்டேங்கறார், 'அவங்களைக் கொன்னுடாதீங்க'ங்கறார்."

"ஒரே ஒருத்தர்தானே அண்ணே?"

"ஒருத்தர் போன் பண்ணினா, பத்தாயிரம் பேர் பேசாம உட்கார்ந்து அழுவுறாங்கன்னு அர்த்தம்!"

ஆக, மரணம் கோமாவானது. பெக் லானுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கட்டில், போர்வை, சம்பளத்தோடு தூக்கம்! ஆனால் குறட்டை விட்டுத் தொலைத்தாள். போதாக்குறைக்கு, மயங்கிக் கிடப்பவள் வெள்ளிக்கிழமை கேளிக்கை நிகழ்ச்சியில் எப்படிக் குதிக்கலாம் என்று ஊரே கேட்டது. வெள்ளிக்கிழமை குதிப்பது வேறொருத்தி என்று சொல்லி வாயை அடைக்க, எழுத்தாளர் மருமகளுக்கு ஒரு இரட்டைத் தங்கையை உண்டாக்கினார். இரண்டு வேடமும் அவளுக்கே.

"தூங்கப் போனவ தலையில இன்னொருத்தியையும் கட்டிட்டீங்களே!"

தங்கையைக் கடலில் தள்ளினார்கள். மறுபடி அதே ரசிகரின் போன், மறுபடி அழுகை. மீனவர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை. "அக்கா, தங்கச்சி ரெண்டு பேரையும் பெட்டியில வச்சு ஆணி அடிங்க. இல்லேன்னா நான் நிஜமாவே செத்துருவேன்!"

சுவா ஆளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே பூசிய மாவையும் மீறிக் கருவளையம். மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது. ஒரே நாளில் இரண்டு சவப்பெட்டி, அன்று சாயங்காலமே முன்னோட்டம். செத்தவளாக நடித்த தோஷம் கழிய வழக்கப்படி சிவப்பு உறையில் பணம் கொடுத்து, "போய்த் தூங்கும்மா," என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கே வீடு திரும்பினாள். அப்படித் திரும்பி எத்தனை காலம்! கையில் சுடச்சுட மீன் கஞ்சி, இரண்டு பேருக்கும் சேர்த்து. இனி வெள்ளிக்கிழமை தவிர தினமும் இப்படித்தான் என்று நினைத்ததும் கண் கலங்கியது. இந்தத் தடவை நடிப்பில்லை.

வாசலிலேயே மாமியார் உதட்டில் விரல் வைத்து மறித்தார்.

"உஷ், சத்தம் போடாதே! நீ சாகற முன்னோட்டத்தைப் பார்த்துட்டு உன் புருஷன் டிவிக்காரங்களுக்குப் போன் போட்டு அழுதுக்கிட்டிருக்கான். நீ போயிட்டா, பாவம், தினம் அவன் டிவியில யார் மூஞ்சியைப் பார்த்துச் சாப்பிடுவான்?"